மார்பில் கட்டி... எம்.ஆர்.ஐ. எடுத்தால் ஊசி வேண்டாமா?

"டாக்டரம்மா, அந்த ஊசி மட்டும் வேண்டாம். செலவானாலும் பரவாயில்லை, பெரிய ஸ்கேனாவே எடுத்துப் பாத்துடலாமே!"

மார்பில் கட்டி என்று வரும் பெண்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை இது. பெரிய ஸ்கேன் என்று அவர்கள் சொல்வது எம்.ஆர்.ஐ.யை. மெஷின் பெரிசு, ஃபீஸும் பெரிசு, அதனால் அது சொல்லும் பதிலும் முடிவான பதிலாக இருக்கும் என்று ஒரு கணக்கு. கட்டி சாதுவானதா, பொல்லாததா என்று அது பளிச்சென்று சொல்லிவிடும். ஊசி போட்டுச் சதை எடுக்கும் பயாப்ஸிக்கு வேலையே இல்லை என்று நம்புகிறார்கள்.

இந்த நம்பிக்கையில் உண்மையும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. எவ்வளவு உண்மை, எங்கே ஆபத்து என்று கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

"சித்த வைத்தியருக்கும் எம்.ஆர்.ஐ.க்கும் என்ன சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கட்டி தட்டுப்பட்டதும் நம் பெண்கள் பலர் நேரே சர்ஜனிடம் போவதில்லை. 'கத்தி வெச்சிருவாங்க' என்று பயம். முதலில் வீட்டிலேயே மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவார்கள். கரையவில்லை என்றால் அக்கம்பக்கத்தில் யாராவது சொன்ன மூசாம்பரப் பற்று. அதற்கும் கரையவில்லை என்றால்தான் எங்களைப் போன்றவர்களிடம் வருவார்கள். அதற்குள் மூன்று மாதம், நான்கு மாதம் ஓடியிருக்கும். சுண்ணாம்பு பட்டுப் பட்டுத் தோல் வேறு சிவந்து புண்ணாகியிருக்கும். அந்தச் சிவப்பு நோயால் வந்ததா, பற்றால் வந்ததா என்று பிறகு பார்க்கிற டாக்டருக்கும் குழப்பம்!

சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் பரிசம் என்பது தொட்டுப் பார்த்து அறிவது. கட்டி கல் மாதிரி இருக்கிறதா, ரப்பர் மாதிரி இருக்கிறதா, விரலுக்கு அடியில் நழுவுகிறதா, ஒட்டிக்கொண்டு அசைய மறுக்கிறதா, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா... இவ்வளவும் விரலுக்குத் தெரியும். ஆனால் 'இது புற்று', 'இது புற்று இல்லை' என்று அறுதியிட்டுச் சொல்லும் சக்தி எந்த விரலுக்கும் கிடையாது. நாங்கள் கல்லூரியில் படிக்கும்போது நோய்நாடலோடு உடற்கூறும் நோய்க்குறியியலும் சேர்த்துத்தான் படித்தோம். மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை புற்று செல்லைப் பார்த்தவர்கள் விரலை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள்.

அதற்காகத் தொடுகையைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி ஒன்றரை லட்சம் பெண்களிடம் ஓர் ஆராய்ச்சி நடத்தியது. ஒரு பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மார்பகத்தைக் கையால் பரிசோதித்தார்கள். நான்கு சுற்றுகள். மெஷின் எதுவும் இல்லை. 2021-ல் முடிவு வெளிவந்தது. பரிசோதிக்கப்பட்டவர்களுக்கு நோய் முற்றுவதற்கு முன்பே தெரிந்தது. 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றால் இறப்பது ஏறக்குறைய 30 சதவிகிதம் குறைந்தது. இளைய வயதினரிடம் அந்த அளவு பலன் தெரியவில்லை. வெறும் கை செய்த வேலை இது!

ஆனால் அந்தக் கை செய்தது 'இங்கே ஏதோ இருக்கிறது' என்று காட்டியது மட்டும்தான். அது என்ன என்று சொன்னது வேறு.

சாதுக் கட்டிகளும் சண்டைக் கட்டிகளும்

கட்டி என்றாலே புற்று என்று பதறவே வேண்டாம். சின்ன வயசில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. பதினைந்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் அதிகம் வருவது ஃபைப்ரோஅடினோமா என்கிற நார்க்கட்டி. உருண்டையாக, வழவழவென்று, விரலுக்கு அகப்படாமல் ஓடும். அலோபதி டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் 'மார்பு எலி'! முப்பத்தைந்துக்கு மேல் மாதவிலக்கு நிற்கும் வரை நீர்க்கட்டிகள் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்குப் பால் கட்டி, சீழ்க்கட்டி. அடிபட்ட இடத்தில் கொழுப்பு இறுகிக் கட்டியாவதும் உண்டு. நம் நாட்டில் மார்பகத்தில் காசநோய்கூட வருகிறது. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வருகிறேன்.

புற்றுக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. இது ஒரு சூழ்ச்சிதான். 'வலி இல்லையே, அப்ப ஒண்ணுமில்ல' என்று விட்டுவிடுகிறார்கள். வலிக்கிற கட்டிக்கு அன்றைக்கே ஆட்டோ பிடிக்கிறோம், வலிக்காத கட்டியைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் சமையல் செய்கிறோம்!

காந்தத்துக்குள் என்ன நடக்கிறது?

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது. கதிர்வீச்சு பயம் வேண்டாம். உள்ளே இருப்பது ஒரு பெரிய காந்தம். சாதாரணமாக ஸ்கேன் சென்டர்களில் இருக்கும் 1.5 டெஸ்லா மெஷின் பூமியின் காந்தத்தை விட 30,000 மடங்குக்கும் மேல் பலமுள்ளது. நம் உடம்பில் தண்ணீர் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது. இரண்டிலும் ஹைட்ரஜன் அணுக்கள். காந்தத்துக்குள் போனதும் அவை வரிசை கட்டும். ரேடியோ அலையால் ஒரு தட்டு தட்டினால் வரிசை கலையும். அலையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பும்போது மெல்லிய சமிக்ஞை ஒன்றை வெளியிடும். அந்தச் சமிக்ஞையைப் பிடித்துத்தான் கம்ப்யூட்டர் படம் போடுகிறது.

1971-ல் அமெரிக்க டாக்டர் ரேமண்ட் டமேடியன் எலிகளிடமிருந்து எடுத்த புற்றுக் கட்டிகளை இப்படிச் சோதித்தார். நல்ல திசுவை விடப் புற்றுத் திசு பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் எடுத்துக்கொண்டது. 'ஆஹா, கத்தியில்லாமல் புற்றைக் கண்டுபிடிக்க வழி கிடைத்துவிட்டது' என்று உலகமே சந்தோஷப்பட்டது. நோபல் பரிசு என்னவோ 2003-ல் படமெடுக்கும் முறையைக் கண்டுபிடித்த பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் போனது. டமேடியனுக்கு வந்த கோபத்தில், 'இது அநியாயம்' என்று பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்தார்! அது தனிக்கதை.

நமக்கு முக்கியமானது வேறு. மனிதர்களிடம் சோதித்துப் பார்த்தபோது அந்த நேர வித்தியாசம் அவ்வளவு சுத்தமாகப் பிரியவில்லை. சாதுக் கட்டியின் கணக்கும் புற்றின் கணக்கும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. வெறும் காந்தப் படத்தை வைத்து மார்பகக் கட்டியைப் பிரிக்க முடியவில்லை.

வழி திறந்தது 1986-ல். ஜெர்மனியில் சில்வியா ஹேவாங் என்ற பெண் டாக்டரும் அவர் குழுவினரும் கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்தைக் கை நரம்பில் செலுத்திவிட்டு மார்பகத்தைப் படமெடுத்தார்கள். புற்றுக் கட்டிகள் விளக்குப் போட்ட மாதிரி பிரகாசித்தன.

ஏன் அப்படி? புற்று ஒரு பேராசைக்காரக் கட்டி. வேகமாக வளர அதற்கு ரத்தம் வேண்டும். தானே புதிது புதிதாக ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்கிறது. அவசர அவசரமாகக் கட்டிய வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகுகிற மாதிரி, இந்தக் குழாய்களும் ஓட்டையும் ஒழுகலுமாக இருக்கின்றன. கை நரம்பில் ஏற்றிய மருந்து அந்தக் குழாய்கள் வழியாகக் கட்டிக்குள் குபுகுபுவென்று பாய்கிறது. பாய்ந்த வேகத்திலேயே வெளியேறியும் விடுகிறது. சாதுக் கட்டியில் பெரும்பாலும் மெதுவாக ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது.

அதனால்தான் மருந்து ஏற்றிய பிறகு ஒரே படத்தோடு நிறுத்துவதில்லை. ஐந்தாறு நிமிஷத்துக்கு அடுத்தடுத்துப் படமெடுப்பார்கள். கட்டியின் பிரகாசம் எப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு கோடு வரைவார்கள். அந்தக் கோட்டில் மூன்று வகை. மெதுவாக ஏறிக்கொண்டே போவது முதல் வகை. சட்டென்று ஏறி மட்டமாக நிற்பது இரண்டாவது. சட்டென்று ஏறிச் சரசரவென்று இறங்குவது மூன்றாவது.

1999-ல் ஜெர்மனியின் கிறிஸ்டியானே கூல் என்ற டாக்டரும் அவர் குழுவினரும் 266 கட்டிகளை இப்படிப் பார்த்தார்கள். 101 புற்று, 165 சாது. சாதுக் கட்டிகளில் 83 சதவிகிதம் முதல் வகைக் கோடு. புற்றுக் கட்டிகளில் 57 சதவிகிதம் மூன்றாவது வகை. நல்ல வித்தியாசம்தான். ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். புற்றுக் கட்டிகளில் ஏறக்குறைய 9 சதவிகிதம் 'நான் ரொம்ப சாது' என்று முதல் வகைக் கோடு போட்டுக் காட்டியிருக்கிறது! சாதுக் கட்டிகளில் ஐந்தரை சதவிகிதம் புற்று மாதிரியே வேஷம் போட்டிருக்கிறது.

கோடு மட்டும் பார்ப்பதில்லை, வடிவமும் பார்ப்பார்கள். ஓரம் வழவழப்பா, முள் முள்ளாக நீள்கிறதா? கட்டி முழுவதும் ஒரே சீராகப் பிரகாசிக்கிறதா, ஓரத்தில் மட்டும் வளையம் போலவா? உள்ளே கறுப்பாகச் சுவர் வைத்த மாதிரிக் கோடுகள் இருந்தால் அது நார்க்கட்டியின் அடையாளம். தண்ணீர் மூலக்கூறுகள் கட்டிக்குள் எவ்வளவு தாராளமாக நடமாடுகின்றன என்று பார்க்கும் டிஃப்யூஷன் முறையும் இப்போது சேர்ந்திருக்கிறது. செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் புற்றில் தண்ணீர் நகர இடம் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் தீபாவளிக்கு முதல் நாள் நிற்கிற மாதிரி!

ஏமாறும் இடங்கள்

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் எம்.ஆர்.ஐ. ஏமாறுகிறது. எங்கே என்று தெரிந்துகொள்வது நல்லது.

இளம் பெண்களுக்கு வரும் நார்க்கட்டி சில சமயம் கொழகொழப்பாக இருக்கும். மருந்தை வேகமாகக் குடித்துவிடும். படத்தில் பயமுறுத்தும். மார்பகத்துக்குள்ளேயே இருக்கும் சின்ன நிணநீர்க் கணு, அது இயற்கையானதுதான், மூன்றாவது வகைக் கோடு போடும். மறுபக்கம், பால் நாளத்துக்குள்ளேயே தங்கியிருக்கும் ஆரம்பப் புற்று மெதுவாகப் பிரகாசித்துச் சாது மாதிரி நடிக்கும். இளம் வயதில் வரும் வேகமான புற்றுகளில் சில, உருண்டையாக வழவழ ஓரத்தோடு, அசல் நார்க்கட்டி மாதிரியே இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர், வயது 41. உருண்டையான, நகரும் கட்டி. 'கொழுப்புக் கட்டிதான்' என்று யாரோ சொல்ல, ஏழு மாதம் பற்றிலேயே போயிருக்கிறது. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'ஓரம் சீராக உள்ளது' என்று ஒரு வரி. வீட்டுக்காரர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, "சீரா இருக்குன்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்கு ஊசி?" என்று என்னிடமே வாதாடினார். அதற்கு நாலு வரி தள்ளி 'திசுப் பரிசோதனை தேவை' என்று எழுதியிருந்ததை அவர் படிக்கவில்லை. ஊசியில் புற்று என்று வந்தது. கீமோ, ஆபரேஷன் எல்லாம் முடிந்து இப்போது மறுபடி வகுப்புக்குப் போகிறார்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. முப்பத்து நாலு வயது, நாலு வயதில் ஒரு பிள்ளை. மார்பு இறுகி, காம்பு உள்ளிழுத்து, தோல் சிவந்து... தொட்டுப் பார்த்த எனக்கே மனசு கனத்தது. எம்.ஆர்.ஐ.யில் ஓரம் வளையமாகப் பிரகாசித்தது. ரிப்போர்ட்டில் 4 என்று வகை. இணையத்தில் அரைகுறையாகப் படித்துவிட்டு, 'நாலாவது ஸ்டேஜாம்' என்று குடும்பமே அழுதது. மாமியார் பேரப்பிள்ளையைத் தன் ஊருக்குக் கூட்டிப் போகவே தயாராகிவிட்டார். ஊசியில் வந்த பதில் என்ன தெரியுமா? கிரானுலோமேட்டஸ் மாஸ்டைடிஸ். ஒருவித அழற்சி, புற்றே இல்லை! பிள்ளை பெற்ற சில வருஷங்களில் இளம் தாய்மார்களுக்கு வருவது. காசநோய்ப் பரிசோதனையும் செய்து, அது இல்லை என்று உறுதியானதும் மருந்திலேயே சில மாதத்தில் வடிந்தது. இந்த அழற்சியும் மார்பகக் காசநோயும் எம்.ஆர்.ஐ.யில் புற்று மாதிரியே தெரியக்கூடியவை. முன்னே மறந்துவிடாதீர்கள் என்றேனே, இதற்காகத்தான். ஊசி என்றால் புற்றைக் கண்டுபிடிக்க மட்டும் என்று நினைக்கிறோம். அன்றைக்கு ஒரு மார்பகத்தைக் காப்பாற்றியது அந்த ஊசிதான்.

'4 என்றால் நாலாவது ஸ்டேஜ்' என்ற குழப்பம் பல வீடுகளில் நடக்கிறது. ரிப்போர்ட்டில் போடும் எண் பை-ராட்ஸ் என்ற அமெரிக்க முறைப்படி போடுவது. ஸ்டேஜுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அது சந்தேகத்தின் அளவு. 0 என்றால் இன்னும் படம் வேண்டும். 1, 2 என்றால் கவலையில்லை. 3 என்றால் புற்றாக இருக்க வாய்ப்பு 2 சதவிகிதத்துக்கு மேல் இல்லை, சில மாதம் கழித்து மறுபடி பாருங்கள் என்று அர்த்தம். 5 என்றால் 95 சதவிகிதம் சந்தேகம். 6 ஏற்கனவே ஊசியில் உறுதியான புற்றுக்குப் போடுவது. நடுவில் இருக்கும் 4 இருக்கிறதே, அது 2 சதவிகிதத்திலிருந்து 95 வரை! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே எண். சில ரிப்போர்ட்டுகளில் அதையே ஏ, பி, சி என்று பிரித்து எழுதுகிறார்கள். எப்படி எழுதினாலும் 4-க்கு ஒரே அர்த்தம்தான்: ஊசி போட்டுப் பாருங்கள்.

சரி, மொத்தத்தில் எம்.ஆர்.ஐ. எவ்வளவு தேறுகிறது? இந்தக் கேள்விக்கென்றே ஓர் ஆராய்ச்சி நடந்தது. 1998 முதல் 2001 வரை, வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 14 பல்கலைக்கழக மருத்துவமனைகளில், பயாப்ஸிக்குப் போக வேண்டிய 821 பெண்களுக்கு முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பிறகு பயாப்ஸியோடு ஒப்பிட்டார்கள். 2004-ல் முடிவு வெளியானது. புற்று இருந்த நூறு பேரில் 88 பேரை எம்.ஆர்.ஐ. சரியாகப் பிடித்தது, 12 பேரைத் தவறவிட்டது. புற்று இல்லாத நூறு பேரில் 68 பேரைத்தான் 'இல்லை' என்று விடுவித்தது, 32 பேரை வீணாகச் சந்தேகப்பட்டது. மேமோகிராமை விட இது மேல்தான். ஆனாலும் அந்த டாக்டர்கள் முடிவாக எழுதியது, எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் திசுப் பரிசோதனை தேவைதான் என்று.

அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி நீங்களாக இருந்தால்? 'ஸ்கேன்ல ஒண்ணுமில்ல' என்று நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பீர்கள்.

அதற்குப் பிறகு மெஷின்கள் நிறைய முன்னேறிவிட்டன. ஆனால் கையில் தட்டுப்படும் சந்தேகமான கட்டிக்கு உள்ள விதி மட்டும் மாறவில்லை. கையால் பரிசோதனை, படம், ஊசி இந்த மூன்றும் சேர்ந்துதான் தீர்ப்பு. மூன்றில் ஒன்று இடக்கு செய்தாலும் அடுத்த கட்டம் போக வேண்டும். படம் என்றால் முதலில் எம்.ஆர்.ஐ. அல்ல. சின்ன வயசுக்காரர்களுக்கு அல்ட்ராசவுண்ட், நாற்பதைத் தொட்டவர்களுக்கு மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும். பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். இது தெளிவான நார்க்கட்டி, இது வெறும் நீர்க்கட்டி என்று அல்ட்ராசவுண்டிலேயே தெரிந்து, ஊசிகூட இல்லாமல் வீட்டுக்குப் போகிறவர்கள் நிறையப் பேர்.

"ஊசி குத்துனா பரவிராதா?"

"எங்க மதினி சொல்லுதாவ, ஊசி குத்துனா சீண்டிவிட்ட மாதிரி ஆயி உடம்பெல்லாம் பரவிருமாம்" என்று திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருவர் கேட்டார். மதினி மட்டுமில்லை, படித்தவர்களும் கேட்கிறார்கள். ஊசி போன பாதையில் ஒன்றிரண்டு செல்கள் இடம்பெயர்வது உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதனால் நோய் பரவி ஆயுள் குறைகிறது என்று காட்டப்படவில்லை. ஊசி போட்டதும் பரவியது என்று சொல்லப்படும் கதைகளைத் துருவிப் பாருங்கள். ஊசி போட்ட பிறகு 'ரிசல்ட் வந்திடுச்சு, பயமா இருக்கு' என்று ஆறு மாதம் சிகிச்சைக்கே போகாதவர் கதையாக அது இருக்கும்.

கோர் பயாப்ஸி என்பது மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே, தடிமனான ஊசியால் சேமியா இழை மாதிரி சில துணுக்குகள் எடுப்பது. பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். இரண்டு நாள் கன்றிப்போய் இருக்கும், அவ்வளவுதான். அந்தத் துணுக்கு 'புற்றா இல்லையா' என்பதோடு நிற்பதில்லை. புற்று என்றால் எந்த வகை, ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படுமா, ஹெர்-2 என்ற புரதம் அதிகமா என்பதையும் சொல்லும். சிகிச்சையே அதை வைத்துத்தான். எவ்வளவு விலை கொடுத்து எடுத்த எம்.ஆர்.ஐ. படமும் இதைச் சொல்லாது.

அப்படியானால் எம்.ஆர்.ஐ. யாருக்கு?

வேண்டியவர்களுக்கு அது வரப்பிரசாதம். அம்மா, அக்கா என்று குடும்பத்தில் வரிசையாகப் புற்று வந்து, பி.ஆர்.சி.ஏ. மரபணுக் கோளாறு இருப்பவர்களுக்கு வருஷா வருஷம் எடுக்கச் சொல்வார்கள். மேமோகிராம் ஒன்று சொல்ல, அல்ட்ராசவுண்ட் வேறு சொல்ல, டாக்டருக்கே குழப்பமாக இருக்கும்போது எடுக்கலாம். அக்குளில் நெறி கட்டி, அது புற்று என்று தெரிந்து, மார்பில் மூலம் அகப்படாமல் இருந்தால் எம்.ஆர்.ஐ.தான் கைகொடுக்கும். ஏற்கனவே ஆபரேஷன் செய்த மார்பில் புதிதாகத் தட்டுப்படுவது பழைய தழும்பா, திரும்பி வந்த நோயா என்று பிரிக்கவும், கீமோவுக்குக் கட்டி சுருங்குகிறதா என்று பார்க்கவும் அது நல்ல கருவி.

மேமோகிராமில் வெள்ளையாக மூடிக்கொண்டு எதுவும் தெரியாத அடர்த்தியான மார்பகங்கள் சிலருக்கு உண்டு. நெதர்லாந்தில் அப்படிப்பட்ட பெண்களுக்கு எம்.ஆர்.ஐ.யும் சேர்த்து எடுத்த ஆராய்ச்சியின் முடிவு 2019-ல் வந்தது. இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் திடீரென்று தலைகாட்டும் புற்று, ஆயிரத்துக்கு 5 என்று இருந்தது, எம்.ஆர்.ஐ.க்கு அழைக்கப்பட்டவர்களில் இரண்டரையாகக் குறைந்தது. பெரிய லாபம்தான். ஆனால் அங்கேயும், எம்.ஆர்.ஐ. சந்தேகப்பட்டு ஊசிக்கு அனுப்பியவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் புற்று இருந்தது.

பாருங்கள், ஊசியைத் தவிர்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கப் போனவர், முதலில் இருந்த கட்டியோடு இன்னொரு புள்ளியும் மினுக்க, இரண்டு ஊசி வாங்கி வருவதும் உண்டு! ஆகவே, 'எதுக்கும் ஒண்ணு எடுத்து வெச்சுக்கலாம்' என்று நீங்களாகப் போய் எடுக்காதீர்கள். பல ஆயிரம் ரூபாய் விஷயம் வேறு. டாக்டர் எழுதினால் "இதுல என்ன தெரிஞ்சுக்கப் போறீங்க, டாக்டர்?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

எடுக்கப் போகிறீர்களா?

மாதவிலக்கு நிற்காதவர்கள் விலக்கான நாளிலிருந்து எண்ணி 7-க்கும் 14-க்கும் இடைப்பட்ட நாளில் போவது நல்லது. பின்பாதியில் ஹார்மோன் வேகத்தில் நல்ல திசுவே மருந்தைக் குடித்துப் பிரகாசிக்கும், வீண் சந்தேகம் கிளம்பும். ரொம்பச் சந்தேகமான கட்டி என்றால் மட்டும் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், கடோலினியம் ஏற்ற மாட்டார்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கும், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் மருந்து. செந்தூரம், பற்பம் என்று நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டுவந்தால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். "அயச்செந்தூரம் சாப்பிட்டா காந்தம் இழுத்துக்குமா?" என்று ஒரு பாட்டி கேட்டார். இழுக்காது பாட்டி! சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள்.

பேஸ்மேக்கர், காதில் வைத்த கருவி, தலையில் போட்ட கிளிப் எதுவானாலும் சொல்ல வேண்டும். கொண்டை ஊசி, சேஃப்டி பின், ஹூக் வைத்த உள்ளாடை, தாயத்து, அரைஞாண், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்றச் சொன்னதும் முகம் மாறுகிற பெண்கள் இன்றைக்கும் உண்டு. முதல் நாளே வீட்டில் வெறும் மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொண்டு போனால் அந்த இடத்தில் சங்கடம் இருக்காது.

குப்புறப் படுக்கச் சொல்வார்கள். பலகையில் இரண்டு பள்ளம் இருக்கும், அதற்குள் மார்பகங்கள் தொங்கும்படி படுக்க வேண்டும். அரை மணி நேரம் போல ஆகும். டங் டங் என்று பட்டறைச் சத்தம் கேட்கும், காதுக்குப் பஞ்சோ ஹெட்ஃபோனோ தருவார்கள். பயந்தால் அழுத்துவதற்குக் கையில் ஒரு பல்பு இருக்கும். அசையாமல் இருப்பதுதான் உங்கள் வேலை. மருந்து ஏற்றிய பிறகு அசைந்தால் முதல் படமும் அடுத்த படமும் பொருந்தாது, அந்தக் கோடே தப்பாக வரும்.

போகும்போது பழைய மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் படங்களைக் கையோடு எடுத்துப் போங்கள். படம் பார்க்கும் டாக்டருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அவை வேண்டும். திரும்பும்போது ரிப்போர்ட் காகிதத்தோடு சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். கவரைப் பிரித்து நீங்களே கூகுளில் தேடிக்கொண்டிருக்காமல், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் அந்த வாரத்துக்குள்ளேயே கொண்டுபோய்க் காட்டுங்கள். எண் 4 அல்லது 5 என்றால் பயாப்ஸிக்குத் தேதி வாங்காமல் அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள். அந்தத் தேதி வரைக்கும் கட்டி மேல் எந்தப் பற்றும் வேண்டாம், என்னுடைய பற்றும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.